மறியாட்டுக்கு மாற்றிய ரயர்

தருமபுரம் தாண்டி அரை மைல்கூடப் போகவில்லை, மோட்டார் சைக்கிளின் பின்ரயர் காற்றுப் போய்ச் சப்பளிந்துவிட்டது. பரமலிங்கம் இறங்கி அதற்கு ஓர் உதை விட்டார். ரயருக்கு ஒன்றுமில்லை. அவருடைய பெருவிரல்தான் நொந்தது.

"நாசமாப் போவாய்! உனக்காகப் பால் கறக்கிற மறியாட்டைக் குடுத்தனே!"

அந்த ஆடு அவருடையதும் அல்ல, மனைவி சிவனேஸ்வரி குட்டியிலிருந்து வளர்த்தது. அவள் கோயில் பொங்கலுக்குப் போன நேரம் பார்த்து மனுசன் ஆட்டைப் பரந்தனுக்கு இழுத்துக்கொண்டு போய், பழஞ்சாமான் விற்கும் ஏரம்புவிடம் நிறுத்தினார். அரசாங்கம் சாமான்கள் வரத் தடை போட்ட நாளிலிருந்து வன்னிக்குள் ரயருக்கு அந்த மதிப்பு. ஏரம்பு இரண்டை எடுத்துக் காட்டினான். ஒன்று தார் றோட்டுக்கான வழுவழுப்பு ரயர். மற்றது சேற்றிலும் மணலிலும் ஓடவென்று கட்டை கட்டையாய்ப் பல் வைத்தது.

"அண்ணை, வழுவழுத்ததுதான் உங்கட றிம்முக்கு அளவு. மற்றது பெரிசு."

"எனக்குச் சொல்லித் தாறீரோ? பல்லு வைச்சதை எடும், ஆட்டைப் பிடியும்!"

சண்டை தொடங்குமுன் மன்னார், திருகோணமலை என்று காட்டுப்பாதையெல்லாம் ஓடித் திரிந்த உயரமான மோட்டார் சைக்கிள் அது. இப்போது நாலு துளி பெற்றோலில் உயிர் பிடித்து, மண்ணெண்ணெயில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வட்டக்கச்சிக்குள் உலாவுகிறது. மனுசனுக்கோ ஆசை இன்னும் காட்டுப்பாதையில்தான்.

வீட்டுக்கு வந்து ஆடில்லாத வெறும் கட்டையைப் பார்த்த சிவனேஸ்வரி கத்தவில்லை. உடுப்பைப் பையில் அடைத்தாள். "அந்தச் சாமானை வித்துப்போட்டு வந்து கூப்பிடுங்கோ, வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உடையார்கட்டிலுள்ள தம்பி தவராசா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் போய்க் கூப்பிடுறதோ? கனவிலையும் நடக்காது!"

ஒரு கிழமை அடிப்பிடித்த சோறு தின்ற பிறகு அந்த வீறாப்பு இறங்கியது. ஆனால் மோட்டார் சைக்கிளை விற்க மனமில்லை. அதிலேயே போய் நின்று, ரயரின் திறத்தைக் காட்டி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவது. அதுதான் திட்டம்.

ஏரம்பு சொன்ன மாதிரியே ரயர் பெரிதாகிப் பின்மட்காட்டில் உரசியது. விடியவே மட்காட்டைக் கழற்றி எறிந்தார். அதனால் றோட்டுச் சேறெல்லாம் அவருடைய வெள்ளைச் சேட்டின் முதுகில் ஏறியிருந்தது. இப்போது காற்றும் போய்விட்டது. ரியூப்பை இழுத்து ஒட்டுப் போட்டார். உள்ளூரில் காய்ச்சிய பசை, வெயிலுக்கு இளகி ஒட்டுக் கழன்று வந்தது. திரும்பவும் போட்டார். திரும்பவும் கழன்றது. ரியூப்பைச் சுருட்டிப் பற்றைக்குள் எறிந்தார்.

பக்கத்து வயலில் நின்ற வீரகத்தி எட்டிப் பார்த்தார். "அண்ணை, ரயருக்குள்ளை வைக்கல் அடையுங்கோவன். சனமெல்லாம் அப்பிடித்தானே ஓடுது."

"அது சைக்கிளுக்கு! இது என்ன வண்டில் எண்டு நினைச்சீர்?"

"அப்ப உருட்டுங்கோ."

வெயில் மண்டையைப் பிளந்தது. பரமலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வைக்கோல் அடைத்தார். ஒரு பக்கம் கூடிவிட்டது போலும், ஒவ்வொரு சுற்றுக்கும் சீற் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆத்திரத்தில் இன்னும் முறுக்கினார். விசுவமடுச் சந்தியில் ஒரு பெண் கை காட்டிக் கத்தினாள்.

"அண்ணை, புகையுது!"

"மண்ணெண்ணெய் புகையாமல் பன்னீரோ தெளிக்கும்?"

அடுத்த திருப்பத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் கத்தினார். "ஐயா, பின்னாலை புகை!"

"ஊரெல்லாம் புகைதான்! உம்மட வேலையைப் பாரும்!"

தவராசாவின் படலைக்குள் நுழைந்தபோது பின்சில்லு முழுவதும் நெருப்பு. தவராசா பாய்ந்து வந்து, மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர் வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினான். பாதி ரயரில் விழுந்தது, பாதி அத்தானின் தலையில்.

விறாந்தைக் கதிரையில் சிவனேஸ்வரி அசையாமல் இருந்தாள்.

"என்னப்பா, வித்தாச்சோ?"

கழுநீர் வழிய வழிய நின்ற பரமலிங்கத்துக்குள் ஏதோ அறுந்தது.

"வித்தாச்சு! தவராசா, இந்தச் சனியனை நீரே எடும்! எனக்கு ஒரு மறியாட்டைத் தந்தாக் காணும்!"

"அத்தான், உண்மையாவோ?"

"அம்மாளாணை! இனி அதைக் கண்ணாலையும் பாக்கமாட்டன்!"

சொல்லி முடிக்க முன்னம் தவராசா மோட்டார் சைக்கிளை மாட்டுக்கொட்டிலுக்குள் உருட்டிவிட்டான். சிவனேஸ்வரி உடுப்புப் பையை எடுத்துச் சைக்கிளில் கொழுவிவிட்டு, நல்ல ஆடாய்ப் பார்த்து அவிழ்க்கக் கொல்லைப் பக்கம் போனாள். பரமலிங்கம் தன் காட்டுப்பாதைகளை எல்லாம் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் படலையடியில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். ஆனாலும் மனுசி வருகிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தவராசாவின் மனைவி இலட்சுமி தேத்தண்ணியை நீட்டி, பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் அண்ணை, வீணா அந்தரப்பட்டுப் போனியள். 'அந்தாள் பட்டினி கிடக்கும், மோட்டார் சைக்கிள் கிடந்தாக் கிடக்கட்டும்' எண்டு மச்சாள் விடியவே உங்கட வீட்டுக்குத்தான் வெளிக்கிட்டவா, வழியிலை நீங்கள் ரயரோடை மல்லுக்கட்டுறதைக் கண்டுட்டுத்தான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்து வந்து கதிரையிலை இருந்தவா."