கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுப்பவர்

கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'எஸ்' என்று அமுக்கிவிடும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அறிவு குறைந்த இனம் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை கூடிய இனம்.

பீளமேட்டில் பம்பு செய்யும் வெங்கடபதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர் லேசில் யாரையும் நம்பமாட்டார். மகள் மேக்னாவுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்தபோது, பையனின் பெரியப்பா யார், பெரியப்பாவுக்குப் பெண் கொடுத்தவர் யார், அவரைத் தாராபுரத்தில் யாருக்குத் தெரியும், அந்தத் தெரிந்தவரை நம்பலாமா என்று விசாரித்துக்கொண்டே போனதில் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணமே ஆகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் தொண்ணூற்றெட்டில் ஆபீசுக்கு ஈமெயில் வந்ததும் ஆளே மாறிப்போனார். ஒருநாள், புதுப் பம்பின் வரைபடத்தை ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு அனுப்ப உட்கார்ந்தார். வருஷக் கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்தது. பொருட்காட்சியில் வைப்பதற்கு முன்னால் வெளியே தெரிந்தால் தொலைந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெட்டி குதித்தது. எதிர்முனையில் இருக்கும் மெயில் கம்ப்யூட்டரின் சான்றிதழில் அதுவே கையெழுத்துப் போட்டிருக்கிறது, நம்பித் தொடரலாமா என்று கேட்டது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அனீஸ் பதறிப்போனார். நம் மெயில் கம்பெனி மாதிரி நடித்துக்கொண்டு வேறு எவனோ நடுவில் உட்கார்ந்திருக்கலாம், கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று கெஞ்சினார். தனக்குத் தானே நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொண்டு வரும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பீர்களா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்.

"அதெப்படிங்க கொடுக்கறது?" என்றார் வெங்கடபதி. "ஆனா இது எத்தனை பதவிசாக் கேக்குது பாருங்க. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அமுக்கினார். வரைபடம் போயிற்று. எங்கே போயிற்று? ஜெர்மனிக்காரர் தமக்கு வரவில்லை என்றார்.

பொருட்காட்சியில் தெரிந்துவிட்டது. பக்கத்து ஸ்டாலில் வெங்கடபதியின் பம்பு, அச்சு அசலாக, வேறு பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆளைப் பிடித்து உலுக்கிவிடுவது என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். ஸ்டால்காரர் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. நல்ல பம்புங்க. தோட்டத்துக்கு ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

மடித்துக் கட்டிய வேட்டி தானாக இறங்கியது.

"சரிங்க" என்றார் வெங்கடபதி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் திரையில் கடைசியாகக் குதித்த பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கொஞ்சம் சொல்லுங்கள் பார்ப்போம். ஞாபகம் இல்லையா? போகட்டும், அமுக்கிய விரலாவது உங்களுடையதுதானே?