மருமகன் அனுப்பிய மதர்போட் மீதான தீர்ப்பு

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

கட்டாரில் இருக்கும் அன்பு மருமகன் முர்ஷித் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும், உங்கட மாமியும், மகள் நதீராவும், பேத்தி நஜ்லாவும் சுகம். மாமியின் முழங்கால் மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் நதீராவின் காதில் விழும் என்பதால் இதை எழுதி, நாளை பிளைட் ஏறும் றிஸ்கானிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய மதர்போட் சென்ற சனிக்கிழமை வந்து சேர்ந்தது. படம், சத்தம், நெட்வேர்க் மூன்றும் அந்த ஒரே பலகையில் இருக்கிறது, மாமா பாவித்துப் பார்த்து நல்லதென்றால் வேலையை விட்டுவிட்டு வந்து, இதே சாமானை வைத்துக் கல்முனையில் கடை போடுவேன் என்று சொல்லியிருந்தீர்கள். முப்பது வருடம் நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொன்னவன் நான். ஆகவே பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உண்மையை எழுதுகிறேன்.

கொம்பியூட்டர் திருத்தும் காரைதீவுக் குணம் தம்பிதான் வந்து அதை எங்கட பழைய கொம்பியூட்டருக்குள் பூட்டினார். நான் ளுஹர் தொழுதுவிட்டு வரும்போது வேலை முடிந்து, மாமி கொடுத்த வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டிருந்தார். என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் படம். கிரிக்கெட் போட்டேன், ரெண்டு டீமும் பச்சையாத்தான் விளையாடினாங்க, அடுத்த வீட்டுப் பதியுதீன் எங்கட ஆள் அவுட்டானதுக்குக் கை தட்டிப்போட்டு வெட்கத்தில எழும்பிப் போயிட்டார். சத்தம் எண்டா, ஸ்பீக்கரை எந்த ஓட்டையில குத்தினாலும் ஒரு முனகல்தான்; பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினன், வெடிச்ச மாதிரிக் கிளம்பினதில அடைகிடந்த கோழி முட்டையை விட்டுட்டுக் கூரையில ஏறினது இன்னும் இறங்கல்ல. நெட்வேர்க்குக்குப் பதியுதீன் வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால வயர் இழுத்தன், மாமி அதில நாலு ஈரச் சாரனைக் காயப் போட்டுட்டா. சாரனை எடுத்த பிறகும் நெட் வரல்ல, அதால அது மதர்போட்டின் குறைதான் எண்டு முடிவெடுத்திட்டன். உங்களைப் பெரிய திரையில பார்க்கலாமெண்டு குந்தியிருந்த நஜ்லா, "வாப்பா எங்க?" எண்டு திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

ஆகவே சாமான் நல்லதில்ல. வேலையை விட வேணாம், இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருங்க. இதை எழுத எனக்கு விருப்பமில்ல, நதீராக்குச் சொல்லத் தைரியமுமில்ல.

அல்லாஹ் உங்கட ஹயாத்தை நீளமாக்கி, தொழிலில் பரக்கத்தும் பெருக்கமும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மாமா மீராசா

பி.கு: கடிதத்தை வாங்க றிஸ்கான் வந்திட்டார். அவருக்குத் தேத்தண்ணி குடுக்க நல்ல கோப்பை எடுப்பமெண்டு ஷோகேசைப் பார்த்தா, டீ செட்டுக்கும் பீங்கான் மயிலுக்கும் நடுவில உங்கட மதர்போட், பொலித்தீனும் கழட்டாம நிற்குது. மாமியைக் கேட்டன். "வெளிநாட்டுச் சாமான், இவ்வளவு வடிவா இருக்கு. தகரப் பெட்டிக்குள்ள பூட்டினா ஆரு பார்க்கிற? பழையதையே தூசி தட்டிப் போடச் சொல்லி குணத்துக்கிட்டச் சொன்னன்" எண்டா. ஆகவே மேலே உள்ள குறை எல்லாம், எட்டு வருஷத்துக்கு முதல் நானே தட்டிப் பார்த்து, தெரிஞ்செடுத்து வாங்கின சாமானுடையது. றிஸ்கானை ஏத்திப் போக வந்த வேன்காரன் ஹோர்ன் அடிக்கிறான், திருப்பி எழுத நேரமில்ல. சலாமையும் துஆவையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி விடுங்க. ஷோகேஸ் சாவியை மருமகன் கையில மட்டும்தான் குடுப்பாவாம் மாமி. நீங்களே வந்து மதர்போட்டை எடுத்துப் பெட்டிக்குள்ள பூட்டுங்க. நதீராக்குச் சொல்லிட்டன், அவள் உங்கட அறையைக் கூட்டத் தொடங்கிட்டாள்.