டோர்ச் அக்காவின் நீலத் துகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் டோர்ச் அக்காவின் ஊதா வெளிச்சம் படாத பொருளே கிடையாது. தோசை, பூனை, என் பல், புதுப்பெண்ணின் கூறைச் சேலை என்று எல்லாவற்றையும் அந்தச் சின்ன டோர்ச்சால் அடித்துப் பார்த்தவர் அவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய அம்மாவே கொஞ்சம் யோசிப்பார்.

அக்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் மஸ்கெலியாவுக்கு வருவார். திரும்பும்போது, தொழிற்சாலை கழித்துப் போட்ட தேயிலைத் தூசியைப் பை நிறைய அள்ளிக்கொண்டு போவார்.

"உரத்துக்கா புள்ள?" என்று தொழிற்சாலையைக் காவல் காக்கும் வாட்சர் கேட்டார்.

"இல்லீங்கண்ணே, புண்ணுக்கு."

அதற்குப் பிறகு வாட்சர் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

அந்தத் தூசியிலிருந்து கண்ணுக்கே தெரியாத நுண்துகளை எடுக்கலாமாம். ஊதா வெளிச்சம் பட்டால் அது நீலமாக ஒளிருமாம். "நம்ம அம்மாமாரு கூடையில கொழுந்து சொமக்குறாங்கள்ல? அதே மாதிரி இந்தத் துகளு கிருமிய கொல்ற மருந்த சொமந்துக்கிட்டு புண்ணுக்குள்ள போவும். எங்க போவுதுன்னு வெளிச்சமே காட்டிக்குடுத்துரும்" என்பார் அக்கா.

ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தத் துகள் கலந்த சீசாவோடு வந்து காட்டினார். இருட்டு வேண்டுமே! ஒரே கம்பளிக்குள் பாதி லயம் புகுந்தது. நீலம் தெரிந்ததும் எழுந்த ஆரவாரத்தில் கம்பளி இரண்டாகக் கிழிந்தது.

கோயிலில் நடந்தது அதைவிட மோசம். அரை இருட்டில் அக்கா டோர்ச் அடிக்க, பூசாரியின் வேட்டி நீலமாக ஒளிர்ந்தது. "ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ஆத்தா இல்லீங்க, சலவைத் தூளு" என்றார் அக்கா. பூசாரி அன்று அவருக்கு மட்டும் திருநீறு கொடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், எங்கள் பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கியது. மாமாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. புண் ஆறவில்லை, சீழ் வைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அக்காவிடம் கையேந்தினார்.

"அந்த நீல மருந்த ஊத்து புள்ள."

"மாட்டேன் மாமா. இது இன்னும் ஆய்வுகூடத் தட்டுல இருக்குற கிருமியத்தான் கொன்னிருக்கு. ஒங்க கால்ல என்னா பண்ணும்னு எனக்கே தெரியாது."

"கெட்டிக்காரின்னு நெனச்சேன். பயந்தாங்கொள்ளி!"

லயமே அக்காவைத் திட்டியது. அவர் ஆட்டோ பிடித்து, மாமாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சுண்டு விரல் போனது, கால் பிழைத்தது. கட்டு மாற்ற நாள்தோறும் அவரே கூட்டிப் போனார். ஆய்வுகூடத்துக்குப் போகாததால் பேராசிரியர் போனில் பொரிந்து தள்ளினார். துணைக்குப் போய் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த எனக்கே காது கூசியது. "சரிங்க சேர்" என்று வைத்துவிட்டு, மாமாவின் காலை மெதுவாகத் தூக்கித் தன் பையின் மேல் வைத்தார் அக்கா.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. மாமா மட்டும், "புள்ளயோட நீல மருந்துதான் காப்பாத்துச்சு" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். அக்கா பின்னாலேயே ஓடி, "பொய்யிங்க, ஆஸ்பத்திரி மருந்துங்க!" என்று கத்துகிறார்.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா வரும் ஹட்டன் பஸ் பிந்தினால் மாமா நொண்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்துவிடுவார். நானும் ஏதோ வேலை இருப்பதுபோல் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.