உடும்பு கேட்ட ஸ்காலர்ஷிப்

ஒரு காட்டுல ஒரு பல்கலைக்கழகம். காடு எங்க இருக்குன்னு கேக்காதீங்க, அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு.

அங்க ஜெசிந்தான்னு ஒரு உடும்பு, பி.எஸ்ஸி. விலங்கியல், ரெண்டாவது வருஷம். நோட்டீஸ் போர்டுல ஒருநாள் அறிவிப்பு வந்துச்சு: 'ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள இளநிலை அறிவியல் மாணவர்களுக்கு உதவித்தொகை.'

ஜெசிந்தாவுக்கு இது கிடைச்சே ஆகணும். இல்லன்னா படிப்பு கட். மாமாகூட குலத்தொழிலுக்குப் போகணும். குலத்தொழில்னா, திருடனுங்க நம்ம இடுப்புல கயிறைக் கட்டி கோட்டைச் சுவர் மேல வீசுவாங்க. நாம கப்புனு பிடிச்சுக்கணும். அவங்க ஏறுவாங்க.

ஆபீஸ் ஜன்னல்ல தேவாங்கு உக்காந்திருந்துச்சு. அதுக்குக் கண்ணு பெருசு. ஆனா எதையும் பாக்காது.

"சார், என் ஆராய்ச்சி கரையானைப் பத்தி. உங்க ஆபீஸ் சுவரை ஆறு மாசமா பாக்குறேன். உள்ள பூரா காலி. யாராச்சும் நல்லா இழுத்தா விழுந்துரும்."

"சுவர் இருக்கட்டும் பாப்பா. ஆர்வம் இருக்குன்னு சான்றிதழ் இருக்கா?"

"ஆர்வத்துக்கா?"

"சாதிக்கு வாங்குற, வருமானத்துக்கு வாங்குற. ஆர்வத்துக்கு மட்டும் வாயால சொன்னா போதுமா?"

சான்றிதழ்ல பச்சை மையில கையெழுத்துப் போடுற அதிகாரி கிளிதான். ஜெசிந்தா போன அன்னைக்கு மை தீந்துபோச்சு. கிளி இறகைத் தேய்ச்சுப் போட்டுக் குடுத்துச்சு. எல்லாத்தையும் பின் அடிச்சு ஜெசிந்தா ஜன்னல்ல குடுத்துட்டு வந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சுப் போனா, தேவாங்கு கொட்டாவி விட்டுச்சு.

"உன் விண்ணப்பத்தைக் கரையான் தின்னுருச்சு. உன்னோடது மட்டுமில்ல, நாப்பத்தியோரு பேரோடதும். புதுசா எழுதிக் குடு."

"கடைசி தேதி எப்ப சார்?"

"நேத்து."

ஜெசிந்தா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுச்சு. உடும்புப்பிடி. வாட்ச்மேன் யானை வந்து இழுத்துச்சு, வரல. "வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டு மாமாவை வரவெச்சாங்க. மாமா தொழில் தெரிஞ்சவரு. மருமக இடுப்புல கயிறைக் கட்டி, முடிச்சை ரெண்டு தடவ சரிபார்த்து, ஒரே இழு.

ஜெசிந்தா பிடியை விடல. அதனால கம்பி வந்துச்சு. கம்பியோட ஜன்னல் வந்துச்சு. ஜன்னலோட சுவர், சுவரோட கூரை.

தூசி அடங்குனப்ப தேவாங்கு வெட்டவெளியில அதே நாற்காலியில உக்காந்திருந்துச்சு.

"பாத்தீங்களா சார், நான் சொன்னது சரியாப் போச்சு."

"அதான் சிக்கலே. நீ ஆராய்ச்சியை முடிச்சுட்ட. இது ஆர்வம் உள்ளவங்களுக்கு மட்டும்."

"அப்ப யாருக்குத்தான் குடுப்பீங்க?"

தேவாங்கு செங்கல் நடுவுல இருந்து ஒரு கொழுத்த கரையானைத் தூக்கிக் காட்டுச்சு.

"நாப்பத்தியோரு பேரோட ஆராய்ச்சியையும் கரைச்சுக் குடிச்சவன் இவன் ஒருத்தன்தான். ஆர்வச் சான்றிதழ் எல்லாத்துக்கும் ஒரிஜினல் இவன் வயித்துல இருக்கு. இன்னும் என் நாற்காலியவே பாக்குறான் பாரு. இதுக்குப் பேருதான் ஆர்வம்."

மாமா கயிறைச் சுருட்டிக்கிட்டே சொன்னாரு: "விடும்மா. ரெண்டு வருஷம் படிச்சும் உனக்குப் பிடி தளரல. எல்லாருக்கும் அப்படி அமையாது. திங்கக்கிழமை வந்துரு."

நீதி: ஆராய்ச்சியில் ஆர்வம் இருக்கலாம். ஆராய்ச்சி இருந்துவிடக் கூடாது. இரண்டும் இருந்தால், கயிறு இருக்கவே இருக்கு.