பிடித்ததை விடுவோர் கழகம்

மீனைப் பிடித்துத் தின்பவன் காட்டுமிராண்டி. பிடித்து, தடவிக்கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுபவனே நாகரிக மனிதன். இந்த உண்மையைக் கண்டடைய மனித குலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. செம்பகமங்கலத்துக்கோ அது ஒரே விமானத்தில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் ஆறுமுகப்பெருமாள்.

அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து, எந்தக் கோப்பையும் அவசரப்படுத்தாமல் ஓய்வு பெற்றவர் அவர். மகன் ஆதர்ஷ் நியூசிலாந்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அவரை ஓர் ஓடைக்கு அழைத்துப் போனார். மெல்ல நகரும் தண்ணீர். அதில் 'டிரவுட்' என்றொரு மீன். புழு கிடையாது, இரை கிடையாது. இறகையும் நூலையும் கட்டிச் செய்த பொய் ஈ ஒன்றைத் தண்ணீர்மேல் மெத்தென்று இறக்கினார் வெள்ளைக்காரர். மீன் நம்பியது, மாட்டியது. கொக்கியைக் கழற்றி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மீனை விட்டுவிட்டார்.

ஆறுமுகப்பெருமாள் சிலிர்த்துப் போனார். இல்லாத ஒன்றைக் காட்டி நம்பவைப்பது, இழுத்தடிப்பது, கடைசியில் ஒன்றும் கொடுக்காமல் திருப்பி அனுப்புவது. பணிக்காலம் முழுக்கத் தான் செய்துவந்த வேலைக்கு இவ்வளவு அழகான விளையாட்டு வடிவம் ஒன்று இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஊர் திரும்பியபோது அவர் பெட்டியில் வளையும் கோல் ஒன்றும், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டையும், பைகளாலேயே தைத்த சட்டை ஒன்றும் இருந்தன. பூஜை அறையில் இருந்த மயில்பீலி மறுநாளே ஈயாகிவிட்டது.

"மீன் சட்டியப் பாத்தாலே குளிக்கப்பட்ட வம்சம். இப்பம் தூண்டிலும் எடுத்தாச்சா?" என்று கேட்டாள் மனைவி மீனாட்சியம்மாள்.

"தின்னுகதுக்கு இல்லட்டீ. பிடிச்சுட்டு விட்டிருவோம்."

"விடுகதுக்கு எதுக்கு பிடிக்கணும்? நீங்க சும்மா வீட்டுல இருந்தா மீனு தன்னால விட்டுத்தானே கெடக்கும்?"

"அதுக்குப் பேரு ஸ்போர்ட்டு."

அதற்குமேல் வாதம் செய்ய அந்த அம்மாளிடம் ஆங்கிலம் இல்லை.

ஊரை ஒட்டி ஓடுகிறது சானல். மலைப்பக்கத்து அணையிலிருந்து வரும் தண்ணீர், நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்வது அதன் வழியாகத்தான். ஆறுமுகப்பெருமாள் அதில் இடுப்பளவு இறங்கி, கோலை வானத்தில் சுழற்றி, வரலாற்றுச் சிறப்புமிக்க முதல் வீச்சை வீசினார். எதிர்க்கரையில் குளித்துக்கொண்டிருந்த கிருஷ்ணமணியின் துண்டு மாட்டியது.

"ஓய், என்ன வேலை இது? நடு சானல்ல வச்சு ஆளுக்க துண்ட உருவுகேரு?"

ஆறுமுகப்பெருமாள் கொள்கை மாறாமல் கொக்கியைக் கழற்றி, துண்டை உரியவரிடமே திருப்பி விட்டார். அந்தப் பெருந்தன்மையில் உருகிக் கரையேறிய கிருஷ்ணமணி, அங்கேயே உதித்த 'பிடித்ததை விடுவோர் கழக'த்தின் முதல் உறுப்பினர் ஆனார். சானலின் ஷட்டர்களைத் திறந்து மூடும் அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன் செய்தால் அங்கே இன்றும் எழுந்து நின்றுதான் பேசுவார்கள். அடுத்து வந்து சேர்ந்தவர் நௌஷாத். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், துபாயிலிருந்து திரும்பி கோட்டாறில் கடை வைத்திருப்பவர்.

முதல் பொதுக்குழுவிலேயே நௌஷாத் ஒரு சிக்கலைக் கிளப்பினார்.

"அண்ணாச்சி, டிரவுட்டு குளுந்த தண்ணியிலதான் கெடக்கும். நம்ம சானல்ல உள்ளது சிலேபிலா?"

"ஊருக்குப் பேரு மாத்துகான், ரோட்டுக்குப் பேரு மாத்துகான். ஒரு மீனுக்கு மாத்தப்பிடாதா?" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

சானலில் உள்ள சிலேபி மீன் இனி 'நாஞ்சில் டிரவுட்' என அழைக்கப்படும் என்று தீர்மானம் வந்தது. மீன்கள் தரப்பில் ஆட்சேபணை எழாததால் ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர் வயலைத் தேடி வேகமாக ஓடியது. பொய் ஈயை மீன் பார்ப்பதற்குள் அது அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விடும். இந்த விளையாட்டுக்கு வேண்டியது மெல்லிய நீரோட்டம். தொடக்க விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. மாவட்டத்தின் சுற்றுலா வளர்ச்சியை இரவும் பகலும் நெஞ்சில் சுமக்கும் பிரமுகர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கிருஷ்ணமணி செல்போனை எடுத்தார். "தம்பி, மேல ஷட்டர கொஞ்சம் தாழ்த்திரும்" என்றார். மறுநாளே சானல், நியூசிலாந்தின் சாயலில் மெல்ல நகர்ந்தது.

மூன்றாவது சிக்கலின் பெயர் ஸ்மைலின். முந்திரிப்பருப்பு உடைக்கும் ஆலையில், அதாவது 'அண்டி ஆபீசி'ல் வேலை. அங்கிருந்து திரும்பியதும் கரையில் குந்தியிருந்து, மூங்கில் கம்புத் தூண்டிலின் முள்ளில் மண்புழு கோத்து, அந்தந்த நாளைக்கு வேண்டிய மீனைப் பிடித்துப் போவாள். 'உயிர்களிடத்தில் அன்பு காட்டுங்கள். இங்கே மீன் பிடித்துத் தின்பது தடை' என்று கழகம் பலகை நட்டது. ஆறுமுகப்பெருமாளே நேரில் போய் விளக்கினார்.

"சாரே, எனக்க பிள்ளையளுக்கு கறி வைக்கண்டாமா? நீங்களும் பிடிக்கியதானே?"

"பிடிக்கது குத்தமில்லம்மா. தின்னுகதுதான் குத்தம்."

"உங்களுக்கு வெளையாட்டு. எங்களுக்குப் பசியில்லா?"

"பசிக்குப் பிடிச்சா அது கொலை. வெளையாட்டுக்குப் பிடிச்சா அது அகிம்சை" என்றார் அவர். சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. விழா அழைப்பிதழின் நெற்றியில் அதையே அச்சடித்தார்கள். ஸ்மைலின் கம்பில் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் மகேஷ்குமார் வந்தான். ஆறுமுகப்பெருமாளின் இறந்துபோன தம்பியின் மகன். சானல் போய் முடியும் கடைவரம்பில்தான் குடும்ப வயல். பயிர் செய்பவன் அவன். பெரியப்பா வீட்டுப் பானையில் வேகும் அரிசியும் அங்கிருந்து வருவதுதான்.

"பெரியப்பா, தண்ணி எட்டல. வயலு வெடிச்சு கெடக்கு. நெல்லு பால் பிடிக்கப்பட்ட நேரம்."

"விழா வரைக்கும் பொறுத்துக்கிடு மக்கா. முடிஞ்ச உடனே தொறந்திருவோம்."

"நான் பொறுப்பேன் பெரியப்பா. நெல்லுக்கிட்ட யாரு சொல்லுகது?"

ஆறுமுகப்பெருமாள் கிருஷ்ணமணியைக் கூப்பிட செல்போனை எடுத்தார். ஆனால் அழைப்பிதழ்கள் போய்விட்டன. பிரமுகரின் அளவுக்கு ரப்பர் கால்சட்டை வேறு வரவழைத்தாகிவிட்டது. பயிரைத் திரும்ப நடலாம்; பிரமுகரைத் திரும்ப அழைக்க முடியுமா?

விழா நாளன்று, மேலே ஷட்டரை முழுக்கவே இறக்கிவிட்டிருந்ததால், சானல் மெல்ல நகர்வதையும் நிறுத்தி முழு அமைதி அடைந்திருந்தது. பச்சை பிடித்த தண்ணீரில் எல்லா மீன்களும் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஆறுமுகப்பெருமாள் மெய்மறந்தார். "பாத்தேளா? ஈயக் கடிக்க மீனு மேல எழும்பி வருகதத்தான் நியூசிலாந்துல காத்துக் கெடந்து பாப்பாவ. நமக்கு சானல் பூரா எழும்பியிருக்கு!" நௌஷாத் மட்டும், "அண்ணாச்சி, அது மூச்சு முட்டி வாய் பொளக்கு" என்றார். நாதஸ்வரத்தில் அது கேட்கவில்லை.

பிரமுகர் கோலை வீசினார். வீசிய கணத்தில் ஒரு நாஞ்சில் டிரவுட் மாட்டியது. மாட்டாமல் ஒதுங்க அதற்குத் தெம்பு இல்லை. போட்டோ எடுத்தார்கள். பிரமுகர் அதை இரு கைகளாலும் ஏந்தி, கைதட்டலுக்கு நடுவே தண்ணீரில் விட்டார். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. "வணக்கம் சொல்லுகு" என்றார் கிருஷ்ணமணி. பிரமுகரும் அதற்கு வணக்கம் சொன்னார்.

மறுநாள் விடிந்தபோது சானல் முழுவதும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கரையில் நிற்க முடியாத நாற்றம். மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்ற ஆறுமுகப்பெருமாளிடம் ஸ்மைலின் வந்தாள்.

"சாரே, இப்பம் நான் எடுக்கலாமா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. அண்டி ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

"தின்ன மீனுக்கு படச்சவன்கிட்ட கணக்கு சொல்லலாம் அண்ணாச்சி. அழுகின மீனுக்கு என்னத்த சொல்ல?" என்று கேட்டுவிட்டு நௌஷாத் கழகத்திலிருந்து விலகினார்.

ஆறுமுகப்பெருமாள் கிருஷ்ணமணி வீட்டுக்கு ஓடினார். செருப்பு போடவும் தோன்றவில்லை. "ஓய், உடனே போன் பண்ணும். ஷட்டரத் தொறக்கச் சொல்லும்."

கிருஷ்ணமணி காப்பியை ஆற்றினார். "அது அப்படி நடக்காது வே. மூடுகதுக்கு போன் போதும். தொறக்கதுக்கு ஆர்டர் வேணும்."

"வயலு காஞ்சு போகும்வே! எங்க தம்பி மகன் போட்ட பயிரு!"

"அப்பம் விவசாயிகள மனு குடுக்கச் சொல்லும். மேல போகும், ஆய்வுக்கு வரும், திரும்பவும் மேல போகும். உமக்குத் தெரியாத நடைமுறையா?"

தெரியாதா என்ன? அந்த நடைமுறையில் வளர்ந்து, அதில் ஓய்வூதியம் வாங்குபவர் அல்லவா? வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார். மகேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு மனுவோடு அலைந்தார். போன இடமெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து, நம்பிக்கை கொடுத்து, திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மகேஷ்குமார் வயலில் இறங்கி ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் ஊதினார். எல்லாம் பதராய்ப் பறந்துவிட்டது. கை வெறுமையாக இருந்தது.

"எழவ விடுங்க பெரியப்பா" என்றான் அவன். அவன் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் ஆறுமுகப்பெருமாள் எழுந்து நின்றார். "அந்த மீனையும் வயலையும் நாமதான் கொன்னோம். அப்படியே எழுதுங்க."

"கொன்னோம்னு எழுதப்பிடாது" என்று திருத்தினார் கிருஷ்ணமணி. "நம்ம கொள்கை என்னவே? பிடிக்கது, விடுகது. 'கழகம் தொடங்கிய அன்றே சானலின் அனைத்து மீன்களும் விடுவிக்கப்பட்டன.' இதுல எங்க பொய் இருக்கு?"

கைகள் உயர்ந்தன. பிரமுகர் சிபாரிசில் விருது வரப்போகிறது என்ற சேதியும் அப்போதுதான் வந்தது. ஆறுமுகப்பெருமாள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது தன் கையும் மேலே இருப்பதைக் கண்டார். இத்தனை வருடப் பழக்கம். அது தானாகவே போய்விட்டிருந்தது.

விருதை அவர்தான் வாங்கினார். விடுவதில் இந்தக் கழகத்துக்கு ஈடில்லை என்று பாராட்டினார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை. மீன்கள் உயிரை விட்டன. கதிர்கள் பாலை விட்டன. ஸ்மைலின் வீடு மீன்கறியை விட்டது. நௌஷாத் வாங்கிக்கொடுத்த விசாவில் மகேஷ்குமார் ஊரையே விட்டான். இத்தனையையும் விட முடிந்த அந்தப் பெரியவர்கள், கடைசிவரை விடாமல் பிடித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: தண்ணீரை.