பசியின் கடைசி அறிகுறி

தாய்-சேய் நலத்துக்காக மனிதகுலம் எடுத்த முயற்சிகளில், அந்த மாடிக் கூடத்தில் நடந்த செவிலியர் பயிற்சிக்குத் தனி இடம் உண்டு. அங்கே ஒரு குழந்தைகூட அழுததில்லை. குழந்தையாகப் பணியாற்றியது ரப்பர் பொம்மை என்பது உபதகவல்.

கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு தேடிப்போய்க் கவனிக்கும் செவிலியரை உருவாக்குபவர் பயிற்சியாளர். மௌனத்தில் பெரும் நம்பிக்கை கொண்டவர். "தாய் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சும்மா இருப்பார். அந்த அமைதியில் எல்லோரும் சிந்திப்பதாக நம்பினார். சிலர் சிந்தித்தபடியே குறட்டை விட்டார்கள்.

அன்றைய மௌனத்தை வராந்தாவிலிருந்து ஓர் அழுகை கெடுத்தது. முன்வரிசைச் செவிலி நெளிந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவள். கைக்குழந்தையோடு கணவன் வெளியே காத்திருந்தான். 'தாய்மார் நலன் கருதி, பாடத்தின் நடுவே எழுபவர் தேறமாட்டார்' என்று கரும்பலகையில் எழுதியவர் பயிற்சியாளரேதான். தேறாவிட்டால் அவளுக்கு வேலை நீடிக்காது.

கணவன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான்.

"மேடம், பாப்பாவுக்குப் பசி போல..."

"கொஞ்சம் பொறுங்க தம்பி. இப்பதான் 'பசியின் ஆரம்ப அறிகுறிகள்' எடுத்துக்கிட்டிருக்கேன்."

"இது ஆரம்பம் மாதிரி தெரியலைங்க."

"கதவைச் சாத்துங்க. நான் பேசறது எனக்கே கேக்கல."

சாத்தினான். பயிற்சியாளர் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு தொடர்ந்தார். பசித்த பிள்ளை முதலில் உதட்டைச் சப்பும்; கையை வாய்க்குக் கொண்டுபோகும்; தலையைத் திருப்பித் தேடும். அழும்வரை விடுகிறவள் செவிலியே அல்ல. இந்த இடத்தில் வெளியே குரல் உச்சத்துக்குப் போனதால், கருணையைப் பற்றி அவர் கத்திப் பேச வேண்டியதாயிற்று.

"சரி, பசியின் கடைசி அறிகுறி என்ன?"

முன்வரிசைக்காரி எழுந்தாள். சீருடையின் மார்பு நனைந்திருந்தது. நேராகக் கதவை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா போறே? பதில் சொல்லிட்டுப் போ."

"பதில்தான் வெளிய கத்திக்கிட்டிருக்கு மேடம்."

கதவு மூடியது. சற்று நேரத்தில் அழுகை நின்றது. பயிற்சியாளருக்குப் பிடித்த அந்த நீண்ட மௌனம் கூடத்தில் நிறைந்தது. இந்த முறை யாரும் குறட்டை விடவில்லை. பொம்மையின் முதுகைத் தன் கை இன்னும் தட்டிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். ஏப்பத்துக்காகக் காத்திருக்கிறார் போலிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெல்லக் கேட்டாள். "மேடம், விதிப்படி அந்த சிஸ்டர் ஃபெயிலா?"

"அவ ஃபெயில்னா, இங்க பாஸானது நானும் இந்தப் பொம்மையும்தான்."

சொல்லிவிட்டுக் கரும்பலகை விதியைப் புறங்கையால் அழித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

பொம்மைக்காவது ஒரு சாக்கு இருந்தது. அதன் காது ரப்பர்.