கடைசிவரை ஓடாத பிளேட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதி வேறு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். அன்றைய மயிலாப்பூரில் பாட்டுக்கான காதே இல்லாத மனுஷர் ஒரே ஒருவர்தான். எங்களுக்குப் பாட்டுக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கோமளம் பாய் என்போம். ராயப்பேட்டையிலிருந்து கிராமபோன் பெட்டியைத் தலையிலும், பிளேட்டு மூட்டையைத் தோளிலும் சுமந்துகொண்டு நடந்தே வருவார். ரேடியோ வராத காலம். ஆண்கள் ஆபீசுக்குப் போனதும் எங்கள் வீட்டு முற்றத்தில் பெட்டியை இறக்கிச் சாவி கொடுப்பார். தெருப் பெண்கள் எல்லாரும் கூடிவிடுவோம். பாட்டுக்கு ஓர் ஆழாக்கு அரிசி.

கோமளம் என்ற பெயரில் அப்போது மூன்று நான்கு பாடகிகள் பிரபலம். தஞ்சாவூர் கோமளவல்லி, காஞ்சிபுரம் கோமளாம்பாள் என்று ஊரை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். பாய்க்கு அந்தப் பிரிவினையெல்லாம் கிடையாது. எந்தக் கோமளம் பாடினாலும், அவர் சந்தில் முன்பு குடியிருந்த ராயப்பேட்டை கோமளம்தான் அவருக்கு.

"எங்க சந்துப் பொண்ணும்மா. எங்க குழாயிலதான் தண்ணி புடிக்கும். அது பேரு நாலு தெருவுக்குத் தெரியணும்" என்பார்.

ஒரு தரம் கோமளேஸ்வர பாகவதர் என்பவரின் பிளேட்டை வைத்துவிட்டார். இடி இடித்த மாதிரிக் குரல்.

"பாய், இது புருஷா குரல்னா!" என்றாள் என் அம்மா.

"அன்னிக்கு அதுக்கு ஜல்பும்மா. தொண்டை கட்டிகினு கீது, பாவம்."

பக்கத்து வீட்டு அம்புஜம் மாமிக்கு இது பொறுக்காது. சங்கீத ஞானம் உள்ளவள். "பிளேட்டு நடுவிலே பேர் போட்டிருக்குமே, எங்கே அந்தக் காகிதம்?" என்று கேட்டாள்.

"எலி தின்னுட்ச்சு மாமி."

"எல்லாப் பிளேட்டிலுமா?"

"நல்ல எலி மாமி. பாட்டைத் தொடல பாருங்க."

அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் பாடினவரே தன் ஊரையும் பேரையும் உரக்கச் சொல்லுவார். ஆனால் பாய் அதற்குச் சற்று முன்னாலேயே ஊசியைத் தூக்கிவிடுவார். கேட்டால், "ஊசி தேஞ்சிபூடும்" என்பார்.

ஒருநாள் பாட்டு முடிகிற சமயம் பார்த்து, மாமி அரிசியோடு எழுந்து வந்தாள். "பாய், பையை நன்னா விரிச்சுப் பிடியும், சிந்தப்போறது." அவர் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார். மாமி அரிசியை நூல் மாதிரிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது. "தஞ்சாவூர் கோமளவல்லி!" என்று பெட்டி கணீரென்று கத்தியது.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"ஊரை மாத்தி சொல்லிகினு கீது" என்றார் பாய். அரிசிப் பையை அங்கேயே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் மூன்று வாரம் ஆளே வரவில்லை. ஒருநாள் குளக்கரையோரம் பெட்டியும் தலையுமாக வேறு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெளியாளிடம் வாயே திறக்காத நான், அன்றைக்கு எப்படியோ ஓடிப்போய், "பாய், பாடறது உங்க கோமளம் இல்லேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியும் பாப்பா" என்றார். "எங்க கோமளம் ஊரை வுட்டுப் போகசொல்லோ, 'அண்ணே, என் பாட்டு ஒருநாள் பிளேட்டுல வரும், நீ கேக்கணும்'னு சொல்லிட்டுப் போச்சு. பாட்டை வச்சுக் கண்டுபுடிக்க எனக்கு இன்னா தெரியும்? கோமளம்னு எது வந்தாலும் வாங்கிடுவேன். கடைசீல வேற ஊரைச் சொல்லும். அதுக்கு முன்னால தூக்கிட்டா, அதுவாவும் இருக்கலாம்ல?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் மாமியிடமும் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. மாமி அந்த அரிசிப் பையை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு குளக்கரைக்கு நடந்தாள்.

அன்றைக்கு மத்தியானமே எங்கள் முற்றத்தில் பெட்டி பாடியது. பாட்டு முடியப்போகிற நேரம். பாயின் கை எழும்பவில்லை, மடியிலேயே கிடந்தது.

"ஓய், ஊசியைத் தூக்கும்!" என்று மாமி அதட்டினாள். "ராயப்பேட்டை கோமளம்னு எங்களுக்குத் தெரியாதா?"

பாய் தூக்கினார்.

ஊர் பேரெல்லாம் நான் மாற்றி எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கோமளம் என்று பழைய பிளேட்டு ஏதாவது கிடந்தால், தயவுசெய்து கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். ராயப்பேட்டை என்று சொன்னால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். வேறு ஊரைச் சொன்னால் எழுத வேண்டாம்.